தட்டுப்பாடு: கேட்டதும் சொன்னதும்

கே: தட்டுப்பாடு, பற்றாக்குறை இரண்டும் ஒன்றுதானே ஐயா?

ப: நான் பிரித்தே எழுதுவேன். பற்றாக்குறையில் கணக்கு இருக்கிறது. பத்து ஆசிரியர் வேண்டிய பள்ளியில் ஆறு பேர் இருந்தால் நான்கு பேர் பற்றாக்குறை. பட்ஜெட்டில் துண்டு விழுவதும் பற்றாக்குறைதான். தட்டுப்பாட்டில் கணக்கைவிடத் தடை முக்கியம். 'தட்டு' என்றால் தடை. வந்துகொண்டிருந்த சரக்கு எங்கோ முட்டி நிற்கிறது. அதனால்தான் வியாபாரி பதுக்கினால் 'செயற்கைத் தட்டுப்பாடு' என்கிறோம். 'செயற்கைப் பற்றாக்குறை' என்று சொல்லிப் பாருங்கள், காதில் ஒட்டாது.

கே: பேச்சில் 'பத்தாக்குறை' என்கிறோமே, தப்பா?

ப: தப்பே இல்லை. காற்று காத்து ஆனது போல, பற்றாது பத்தாது ஆயிற்று. எண் பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "பத்தாக்குறைக்கு மச்சானும் வந்துட்டான்" என்பதில் 'பற்றாக்குறைக்கு' என்று திருத்தினால் உயிர் போய்விடும்.

கே: 'கண்ணில் தட்டுப்பட்டது' என்றால் அகப்பட்டது. அப்படியானால் தட்டுப்பாடு மட்டும் எப்படிக் கிடைக்காமையாயிற்று?

ப: நல்ல கிடுக்கிப்பிடி! தட்டுதல் மோதுவதும்தான், தடுப்பதும்தான். கையில் மோதினாலும் தட்டுப்படும், வழியில் தடைபட்டாலும் தட்டுப்படும். கட்டுப்படு கட்டுப்பாடு ஆவதுபோல இது பெயரானபோது, வழக்கில் தடைப் பொருளே நிலைத்தது. 'நிரப்பு' இதைவிட வேடிக்கை. நாம் குடத்தை நிரப்புகிறோம். "கொன்றது போலும் நிரப்பு" என்ற குறளில் (1048) அதே சொல்லுக்கு வறுமை என்று பொருள்.

கே: 2019இல் சென்னையில் வந்தது தட்டுப்பாடா, பஞ்சமா?

ப: ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்த வருஷம். எங்கள் தெருவில் விடியுமுன்னே குடங்கள் வரிசை பிடித்திருக்கும். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பேச்சில் எல்லோரும் பஞ்சம் என்றார்கள். எழுதச் சொன்னால் நான் தட்டுப்பாடு என்பேன். பஞ்சம் என்றதும் லட்சக்கணக்கானோர் மாண்ட 1876–78 தாது வருஷப் பஞ்சம்தான் எனக்கு நினைவில் வருகிறது. 'அறிவுரைக்குப் பஞ்சமில்லை' என்று கிண்டலாகச் சொல்வது வேறு கதை.

கே: கிராக்கி?

ப: அது வாங்குகிறவர் பக்கம். சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் கிராக்கி ஏறும். ஆட்டோக்காரருக்கோ சவாரிக்கு வரும் ஆளே கிராக்கி.

கே: ஒற்று மிகுமா?

ப: தண்ணீர்த் தட்டுப்பாடு, மிகும். பாலுக்கு இலக்கணப்படி போனால் 'பாற்றட்டுப்பாடு' வரும். அப்படி எழுதிவிடாதீர்கள், பால் தட்டுப்பாடு என்றே இருக்கட்டும்.