4கே திரை வாங்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: 43 அங்குல டிவி வாங்கப்போகிறோம். 1080பி போதுமா, 4கே வேண்டுமா?

பதில்: எவ்வளவு தள்ளி உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், அதாவது படப் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. ஆனால் கண்ணுக்கும் எல்லை உண்டு. சராசரி நல்ல பார்வை, ஒரு பாகை (டிகிரி) கோணத்தில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறியும். 43 அங்குல 1080பி திரையில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். சுமார் 1.7 மீட்டருக்கு அப்பால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். நீங்கள் 3 மீட்டரில் உட்கார்ந்தால், பிக்சலுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கறுப்பைக் கறுப்பாகவே காட்டும் திரைக்குக் கொடுங்கள். இரவுக் காட்சி ஒன்றைப் போடச் சொல்லி, கறுப்பு மேலங்கியின் மடிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். வாங்கியதும் ஷார்ப்னஸை (விளிம்புகளைக் கூர்மையாக்கிக் காட்டும் அமைப்பு) குறையுங்கள்.

கேள்வி: புதிய 4கே டிவியில் பழைய சேனல்கள் மங்கலாகத் தெரிகின்றன. பழுதா?

பதில்: இல்லை. குறைந்த பிக்சலில் வரும் படத்தைப் பெரிய திரைக்கு விரிக்கிறது, அவ்வளவுதான். ஷார்ப்னஸைக் கூட்டிவிடாதீர்கள். எழுத்துகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு முளைக்கும். புதிய நுணுக்கம் எதுவும் வராது.

கேள்வி: 50 அங்குலத்துக்கு எது நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். தூரத்தை அளந்து பாருங்கள்.

கேள்வி: உங்கள் கணக்கு தவறு. 3 மீட்டரிலிருந்தே எனக்கு 4கே வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

பதில்: தெரிவதை மறுக்கவில்லை, காரணம் வேறு என்கிறேன். 4கே படங்கள் பெரும்பாலும் எச்.டி.ஆருடன் (வெளிச்சத்தையும் இருளையும் விரிவாகக் காட்டும் முறை) வருகின்றன. வழக்கமான படம் 8 பிட்; அதில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள். எச்.டி.ஆர். 10 பிட்; அதில் 1,024. அந்தி வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தது வழவழப்பாகிவிடும். அதைத்தான் பார்க்கிறீர்கள்.

கேள்வி: அப்படியானால் 4கே வாங்கியது சரிதானே? ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

பதில்: வேண்டாம் என்று சொல்லவே இல்லை; எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள் என்கிறேன். பெட்டியில் எச்.டி.ஆர். என்று அச்சிட்டிருப்பது, அந்தச் சமிக்ஞையை டிவி ஏற்கும் என்பதற்கு மட்டுமே உறுதி. போதிய வெளிச்சமில்லாத திரையில் அதனால் பயனில்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மெல்லிய சாய்கோட்டின் படிக்கட்டு முறிவைக் கண் நான் சொன்ன எல்லையைவிட நுணுக்கமாகவே பிடித்துவிடும். ஆகவே அந்த 1.7 மீட்டரைச் சுவராக எண்ண வேண்டாம்.

கேள்வி: சுவரில் மாட்ட எந்தத் தாங்கி நல்லது?

பதில்: அது என் துறையல்ல. மாட்டித் தருபவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 55 அங்குலத்துக்கு?

பதில்: மறுபடியும் தூரம்தான். 1080பி என்றால் பிக்சல்கள் கலந்துவிடும் அந்த எல்லை சுமார் 2.2 மீட்டர்.

கேள்வி: டிவியைக் கணினித் திரையாகப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இங்கே 4கே அவசியம். எச்.டி.எம்.ஐ. 2.0 இணைப்பு இருக்கட்டும், 1.4-இல் 4கே படம் நொடிக்கு 30 படச்சட்டங்களோடு நின்றுவிடும், சுட்டி இழுபடும்.