கொழுந்தன் கையில் உங்கள் பின் நம்பர் எதற்கு?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மகன் குவைத்தில், மாதம் 15,000 ரூபாய் அனுப்புகிறான். போர்ச் செய்தி வந்த வாரம், "உங்கள் மகனை ஊருக்கு அனுப்ப டிக்கெட் போடுகிறோம்" என்று ஒருவன் பேசியிருக்கிறான். போன், பின் நம்பர் எல்லாம் கொழுந்தனிடம்தான். அவரும் பதறிப்போய் 45,000 அனுப்பிவிட்டார். இப்போது நகையை அடகு வைத்து ஆன்லைன் டிரேடிங்கில் போட்டால் விட்டதைப் பிடிக்கலாம் என்கிறாராம். செய்யலாமா?

வேண்டாம் சகோதரி. கணக்கைப் பாருங்கள். ஒரு ரூபாய் வட்டிக்கு 1 லட்சம் வாங்கினால் வருஷத்துக்கு வட்டி மட்டும் 12,000. டிரேடிங்கில் அந்த லட்சமும் போனால், முன்பு போனதையும் சேர்த்து 1,57,000. மகன் பத்து மாதம் அனுப்பும் பணத்துக்கும் மேல். அதற்குப் பதில் மாதம் 5,000 ஒதுக்கினால் ஒன்பது மாதத்தில் 45,000 கடனில்லாமல் சேர்ந்துவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் பொய் லாபம் காட்டும் டிரேடிங் ஆப்களைப் பற்றி எத்தனை தடவைதான் சொல்வது!

ஊரே கலங்கி நிற்கும்போது திருடன் புதுக் கதை தேட வேண்டியதில்லை, அன்றைய செய்தியே அவனுக்குப் போதும். கொரோனா சமயத்தில், 2020 மார்ச் 27-ல் கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. கொஞ்ச நாளிலேயே "தவணையைத் தள்ளி வைக்கிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று அழைப்புகள் கிளம்பின. பிஎம் கேர்ஸ் நிவாரண நிதியின் பெயரில் போலி யுபிஐ முகவரிகள் முளைத்தன. 2021-ல் ஆக்சிஜன் சிலிண்டருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனார்கள். நாளைக்கே மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஏறும் நேரத்தில் அதைச் சொல்லியும் ஒருவன் பேசலாம். அதனால் பதற்றமான செய்தி வந்தால் போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மகனின் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் அவன் அறைக்கூட்டாளியிடம் கேளுங்கள். அதுவரை ஒரு ரூபாய்கூட நகரக்கூடாது.

ஆனால் உங்களுக்கு நஷ்டம் வந்த வழி வேறு. மொத்தப் பணமும் ஒரே கணக்கில், அதன் பின் நம்பர் இன்னொருவர் கையில். கொழுந்தன் நல்லவராகவே இருக்கட்டும், அவர் பதறினால் போவது உங்கள் பணம். இந்த வாரமே பின்னை மாற்றுங்கள். மகன் அனுப்புவது யுபிஐ இணைக்காத கணக்கில் ஏறட்டும், செலவுக்கு 3,000 மட்டும் இன்னொரு கணக்கில் வையுங்கள்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு இன்னும் பேசவில்லை என்றால் இன்றே பேசுங்கள், வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். தாமதமாகிவிட்டது, முழுப் பணமும் திரும்பும் என்று சொல்ல மாட்டேன். "பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் அவனும் அதே கூட்டம்தான். கொழுந்தன் கோபித்துக்கொண்டால், மகன் சொன்னான் என்று சொல்லிவிடுங்கள். மகனிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.