இந்தியா, இலங்கை: தொடக்கக் கல்விக்கு யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள்? (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, சுருக்கமாகச் சொல்லுங்கள், எந்த அரசு அதிகம் செலவழிக்கிறது?

பதில்: ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், எத்தனை சதவீதம் என்று பார்த்தால் இந்தியா. இலங்கை பல ஆண்டுகளாக எல்லா நிலைக் கல்விக்கும் சேர்த்தே 2% அளவில்தான் நிற்கிறது. ஆனால் இலங்கையின் தலா வருமானம் இந்தியாவைவிடக் கூடுதல், அதனால் அந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்கு என்ன போய்ச் சேருகிறது என்று சொல்ல முடியாது. ஒரு மாணவருக்கான செலவைப் பாருங்கள், அதுவும் வாங்கும் திறனுக்கு ஏற்ப, அதாவது இரு நாட்டு விலை வித்தியாசத்தைச் சரிசெய்து, மாற்றிய கணக்கில். இன்னொன்று, பட்ஜெட்டில் ஒதுக்கியது வேறு, கடைசியில் செலவானது வேறு.

கேள்வி: மத்திய பட்ஜெட்டின் பள்ளிக்கல்வித் தொகையை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தேன். ரொம்பக் குறைவாக வருகிறதே?

பதில்: வரத்தான் செய்யும், நீங்கள் எடுத்தது டெல்லியின் பங்கை மட்டும். 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு (மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய துறைகள்) மாற்றினாலும், ஆசிரியர் சம்பளம் என்கிற பெரிய சுமை இன்றும் பெரும்பாலும் மாநிலங்களின் தலையில்தான். அதற்காக இரண்டு பட்ஜெட்டையும் அப்படியே கூட்டிவிடவும் கூடாது. சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக்கல்வித் திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய, மாநிலப் பங்கு 60:40. டெல்லி அனுப்பும் அந்த 60 மாநிலக் கணக்கிலும் செலவாக வரும், கவனிக்காமல் விட்டால் ஒரே ரூபாயை இரண்டு தடவை எண்ணுவீர்கள். இலங்கையிலும் இதே வலை இருக்கிறது: தேசியப் பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ், மற்றவை 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண சபைகளின் கீழ், அந்தச் சபைகளுக்கோ பெரும்பகுதிப் பணம் கொழும்பிலிருந்தே வருகிறது.

கேள்வி: தொடக்கக் கல்வி என்பது எதுவரை?

பதில்: இரு நாட்டிலும் 1 முதல் 5 வரை. இந்தியாவில் பல கணக்குகள் 1 முதல் 8 வரை சேர்த்துத்தான் வரும், அதை இலங்கையின் ஐந்து வகுப்போடு ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: 6% வேண்டும் என்கிறார்களே, அது தொடக்கக் கல்விக்கா?

பதில்: இல்லை, மொத்தக் கல்விக்கும். இந்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு 1966இல் சொன்னது, 2020 கல்விக் கொள்கையும் அதையே திரும்பச் சொல்கிறது. இந்தியா இன்னும் எட்டவில்லை.

கேள்வி: இந்த ஆண்டு மத்திய பட்ஜெட்டை வைத்து ஒப்பிடலாமா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள். அப்புறம், அது ஒதுக்கீடு, செலவு அல்ல.

கேள்வி: குறைவாகச் செலவழித்தும் இலங்கையில் எழுத்தறிவு 90 சதவீதத்துக்கு மேல். அப்படியென்றால் பணம் முக்கியமில்லைதானே?

பதில்: இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இன்று தெரியும் எழுத்தறிவு இந்த ஆண்டுப் பணத்தில் வந்ததல்ல. இலங்கையில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா முன்னின்று கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது, இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததோ 2010இல். பாட்டி படித்த வீட்டில் பேரன் பள்ளிக்குப் போவது எளிது. அதோடு சராசரி பலதை மறைக்கும், மலையகத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருக்கிறேன். செலவு குறைவு என்றால் எங்கள் சம்பளம் குறைவு என்று அர்த்தம், அதைச் சொல்லவில்லையே ஐயா?

பதில்: சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் சொல்வது சரி. 2021இல் ஆசிரியர்கள் மாதக்கணக்கில் பணிப்புறக்கணிப்பு செய்ததும் சம்பள முரண்பாட்டுக்காகத்தான். அரசு கொடுக்காததை ஆசிரியர் குறைந்த சம்பளத்தில் ஈடுகட்டுகிறார், பெற்றோர் தரம் 5 புலமைப்பரிசில் (உதவித்தொகை) பரீட்சைக்கான டியூஷன் காசில் ஈடுகட்டுகிறார்கள். இரண்டும் அரசுக் கணக்கில் வராது. அதைச் ‘சிக்கனம்’ என்று யாராவது புகழ்ந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி: 2022இலிருந்து இலங்கை ரூபாயில் ஒதுக்கீடு கூடியிருந்தால் முன்னேற்றம்தானே?

பதில்: 2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 70% கூடியிருந்தது. அந்த உயர்வைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஒதுக்கீட்டை அல்ல, செலவை.