நகையை அடகு வைக்க வேண்டாம்

தங்கச்சிமடத்து அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பி.எஸ்சி. வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள். துபாயில் இருக்கும் தாய்மாமனோ கோவையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டில், செயற்கை நுண்ணறிவுப் பொறியியலுக்கு இடம் பேசிவிட்டார். முன்பணத்துக்கு உங்கள் நகை போக வேண்டும். கவலைப்படாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் வரவில்லை. அந்த இடம் வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். உங்கள் வீட்டுக்காரர் போகும் விசைப்படகு கரையில் நிற்கும் அந்த 61 நாட்களை ஒட்டித்தான் கல்லூரிக் கட்டணமும் வந்து நிற்கும். ஓர் ஆண்டு அல்ல, நான்கு ஆண்டு. அண்ணன் முதல் ஆண்டுக்குக் கைகொடுப்பார். மீதிக்கு அவர் எழுதிக்கொடுத்த உறுதி ஏதாவது இருக்கிறதா?

கலாமின் படிப்புக்கு அவர் அக்கா நகையை அடகு வைக்கவில்லையா என்று அண்ணன் கேட்டாராம். வைத்தார். கலாம் திருச்சியில் இயற்பியல் பட்டம் முடித்து, தானே விரும்பிய படிப்புக்குத் தேர்வான பிறகு வைத்தார். பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் படிப்புக்கு அந்த நகையைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை.

சித்தப்பா கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை எடுத்துவந்து, மஞ்சள் கலந்த எண்ணெயும் சலவைத்தூளும் இருட்டில் ஒளிர்வதை அவள் பார்த்துக்கொண்டிருப்பதாகக் குறைபோல எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே எனக்கு வேண்டிய வரி அதுதான். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை விழுங்கிக் கண்ணுக்குத் தெரியும் நிறமாகத் திருப்பித் தருகிற பொருள்கள் அவை. இதற்கென்றே ஓர் ஆராய்ச்சித் துறை இருக்கிறது. உறவினர் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2004இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், மின்வில்லில் உண்டான கரியிலிருந்து கார்பன் நானோகுழாய்கள் எனும் மிக நுண்ணிய குழாய்களைப் பிரித்துச் சுத்தம் செய்தபோது, எதிர்பாராமல் ஒளிரும் துகள்கள் கிடைத்தன. இன்று அவற்றுக்குக் கார்பன் புள்ளிகள் என்று பெயர். அளவு பொதுவாகப் பத்து நானோமீட்டருக்குள் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டையமீன் என்ற வேதிப்பொருளையும் நீரில் கரைத்து, மூடிய எஃகுக் கலனில் 200 டிகிரி அளவில் சில மணி நேரம் சூடாக்கினால் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும் கரைசல் கிடைக்கும். (வீட்டு அடுப்பில் முயல வேண்டாம் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.) 2023இல் வேதியியல் நோபல் பெற்ற, குவாண்டம் புள்ளிகள் எனும் வேறுவகை ஒளிரும் நுண்துகள்களில் காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கொண்டவை பல, இங்கே அடிப்படை கார்பன்தான்.

இந்தப் புள்ளிகளை விளக்கில் பயன்படுத்தவும் பார்க்கிறார்கள். வீட்டு வெள்ளை எல்இடி விளக்கில் இருப்பது பெரும்பாலும் நீலச் சில்லும் அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருளும். விளக்கொளி வழியே வேகமாகத் தகவல் அனுப்ப வேண்டுமானால் அது நொடிக்குப் பல கோடி முறை விட்டுவிட்டு எரிய வேண்டும். அந்த மஞ்சள் பூச்சு அவ்வளவு விரைவாக அணைவதில்லை. கார்பன் புள்ளிகளின் ஒளி சில நானோநொடிகளில் (நொடியில் நூறு கோடியில் சில பங்கு) அடங்கிவிடுகிறது. கடலுக்கடியில் வானொலி அலை சீக்கிரம் மங்கிவிடும், நீலமும் பச்சையும் அதைவிடத் தூரம் போகும் என்பதால் நீரடித் தகவல் தொடர்புக்கும் இவற்றைச் சோதிக்கிறார்கள்.

குறையும் உண்டு. கரைசலில் பளிச்சென்று ஒளிரும் துகள்கள், உலர்த்திப் பொடியாக்கினால் ஒன்றோடொன்று நெருங்கி மங்கிவிடுகின்றன. நல்ல சிவப்பு கிடைப்பது கடினம். கடையில் வாங்கும் விளக்குக்குள் இவை இன்னும் பரவலாக வரவில்லை. ஆய்வாளர் தேவைப்படுவதே அதனால்தான்.

இளநிலையிலேயே 'நானோ' என்று பெயர் சூட்டிய படிப்பில் சேர்க்காதீர்கள்; அடிப்படை வேதியியல் போதும், இயற்பியலையும் கணிதத்தையும் அவள் கைவிடக் கூடாது. அரசு கலைக் கல்லூரியில் ஆண்டுச் செலவு சில ஆயிரங்கள்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடியில் எம்.எஸ்சி.; இல்லையென்றால் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். அதே ஊரில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. கிராஃபைட்டிலிருந்து மின்வேதியியல் முறையிலும் இந்தப் புள்ளிகளைச் செய்யலாம் என்பதை அவளிடம் சொல்லுங்கள். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. அதன் பிறகு உங்களிடம் அவள் பணம் கேட்க மாட்டாள்.

முனைவர் பட்டம்வரை ஏறக்குறைய பத்து ஆண்டு ஆகும். இருபத்தொரு வயதில் வரன் பார்க்கத் தொடங்கினால் எல்லாம் பாதியில் நிற்கும். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள். எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் மருந்து, சாயம், பெயின்ட் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் சுமார்தான், ஆனால் கடன் இருக்காது.

அண்ணனைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். கொடுக்க நினைத்த பணத்தை எம்.எஸ்சி. விடுதிச் செலவுக்கு வைத்திருக்கச் சொல்லுங்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பத்துக்கு அவகாசம் குறைவு. இந்த வாரமே மதிப்பெண் பட்டியலோடும் சாதிச் சான்றிதழோடும் அவளை இ-சேவை மையத்துக்கு அனுப்புங்கள்.