சைக்கிள் கேள்வி பதில்: கால் எட்டினால் போதுமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 27, உயரம் 163 செ.மீ. கூட வேலை செய்பவரிடம் 54 சைஸ் ஃப்ரேம் கொண்ட ரோடு பைக் (வளைந்த ஹேண்டில் உள்ள வேக சைக்கிள்) ஒன்றை வாங்கினேன். இதுதான் என் முதல் ரோடு பைக். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. கடையில் காட்டினேன். சீட்டை நன்றாக இறக்கி, முன்னால் தள்ளிக் கொடுத்தார்கள். இப்போது விரல் ஊன்றுகிறது. ஆனால் பேரூர் வரை போய்த் திரும்புவதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. முழங்காலின் முன்பக்கமும் வலிக்கிறது. சைக்கிள் எனக்குப் பெரிதா, இல்லை போகப் போகப் பழகிவிடுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பழகாது. தயவுசெய்து பழகட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் அப்படி 2 வருடம் காத்திருந்தவன். என் உயரம் 170. கடையில் மிச்சமிருந்தது 56 சைஸ் என்பதால் அதையே 'உங்களுக்குச் சரியாக இருக்கும்' என்று கொடுத்தார்கள். ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய் வந்த நாட்களில் சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காது. உடம்பில்தான் குறை என்று நினைத்தேன். 52 சைஸுக்கு மாறிய பிறகுதான் கை மரக்காமல் அதே தூரத்தை ஓட்ட முடியும் என்பதே எனக்குத் தெரிந்தது.

நம் ஊரில் சைக்கிளைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி 'கால் எட்டுதா?' என்பதுதான். அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தவர்கள் நாம். சீட்டில் உட்கார்ந்து கால் ஊன்றுவதே பெரிய விஷயமாக இருந்தது. ரோடு பைக்குக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே வைத்து, சீட் அழுத்துகிற அளவுக்கு மேலே இழுத்துப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். 3 தடவை அளந்தால் தவறு தெரிந்துவிடும். உங்களுக்கு 74 செ.மீ. வருவதாக வைத்துக்கொள்வோம். அதை 0.883 ஆல் பெருக்கினால் 65.3. டூர் டி பிரான்ஸை 3 முறை வென்ற கிரெக் லெமாண்டால் பிரபலமான கணக்கு இது. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை, சீட் குழாயை ஒட்டிச் சாய்வாக அளக்கும்போது இந்த உயரம் வர வேண்டும். அந்த அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 27 செ.மீ. மேலே இருக்கிறது. சாய்வைக் கழித்துவிட்டுக் கூட்டினால் சீட் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். உங்கள் கால் 74. பிறகு எப்படி எட்டும்? எட்டக் கூடாது. சிக்னலில் நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி, பாருக்கு இரண்டு பக்கமும் காலை வைத்து நிற்க வேண்டும். அப்படி நிற்கையில் பாருக்கும் உடம்புக்கும் நடுவே 2, 3 செ.மீ. இடைவெளி இருந்தால் போதும்.

ஆக, சீட்டை இறக்கியதுதான் உங்கள் முழங்கால் வலிக்கு முதல் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கால் கடைசிவரை நீளாமல் மடங்கியே மிதித்தால் சுமை முட்டியின் முன்பக்கத்தில்தான் விழும். கால் 74தான் என்றால் சீட்டை 65க்கு ஏற்றுங்கள். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி ஏறி, பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக வந்தால் உயரம் சரி. மிதிக்கும்போது முன்பாதம்தானே பெடலில் இருக்கும், முட்டியில் தேவையான சிறு மடிப்பு தானாக வந்துவிடும். 65 என்பது தொடக்கம்தான், அரை செ.மீ. கூட்டியோ குறைத்தோ உங்கள் உடம்பு கேட்பதைக் கொடுங்கள்.

அடுத்தது கை. சைஸ் என்ற கேள்வியே உண்மையில் இங்கேதான் இருக்கிறது. உயரத்தை சீட் போஸ்ட்டில் (சீட்டைத் தாங்கி ஏறி இறங்கும் கம்பியில்) திருத்திவிடலாம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள நீளம் ஃப்ரேமோடு பிறந்தது. அதைக் குறைக்க சீட்டை முன்னால் தள்ளுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீட்டின் இடத்தைக் காலுக்காகத்தான் முடிவு செய்ய வேண்டும். முன்னால் தள்ளினால் உடம்பின் பாரமும் முன்னால் சரிந்து உள்ளங்கையில் இறங்குகிறது. உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது அதனால்தான்.

கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்துங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டினால் தூக்குக்குண்டு தயார். முன்னால் இருக்கும் காலின் முட்டிச்சில்லுக்குக் கீழே நூலைப் பிடித்தால் நட் பெடல் அச்சுக்கு நேராகத் தொங்க வேண்டும். இது கறாரான விதி இல்லை, ஆனால் நல்ல ஆரம்பம். அப்படி வரும்வரை சீட்டைப் பின்னால் நகர்த்தி, மறுபடி உயரம் பாருங்கள்.

இப்போது பிரேக் ஹூட்டை (பிரேக் லீவரின் மேல் உள்ள ரப்பர் பிடியை) பிடித்து உட்காருங்கள். உங்களை யாராவது பக்கவாட்டில் வீடியோ எடுக்கட்டும். முழங்கை விறைத்து நேராக நிற்கிறதா? தோள் காதுப்பக்கம் ஏறுகிறதா? கையை ஒரு நொடி தளர்த்தினால் முன்னால் விழப் பார்க்கிறீர்களா? ஆம் என்றால் நீளம் அதிகம். ஸ்டெம்மில் (ஹேண்டில்பாரைத் தாங்கும் முன்துண்டில்) அதன் நீளம் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். 100 மி.மீ. என்றால் 80 மாற்றினால் 2 செ.மீ. கிடைக்கும். அதற்கு மேலும் குறைக்க வேண்டியிருந்தால் ஃப்ரேமே பெரிது. ஸ்டெம்மை இன்னும் குட்டையாக்கினால் ஹேண்டில் சட்டென்று திரும்பும், இறக்கத்தில் பயம் தரும்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: 163 உயரத்துக்கு 54 பெரும்பாலும் பெரிது. 49 முதல் 51 வரைதான் தேட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும் என்பதால், எண்ணை நம்பாமல் மேல்குழாயின் (பாரின்) நீளத்தைக் கேளுங்கள். ஸ்டெம்மை மாற்றி, 3 தடவை ஓட்டிப் பார்த்தும் விரல் மரத்தால், விற்றுவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, 158 செ.மீ. வளர்கிற பிள்ளை என்பதால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சட்டை என்றால் வாங்கலாம் சார். சைக்கிளில் பிரேக் இருக்கிறது. மேலே சொன்ன கை சோதனையை அவனை வைத்துச் செய்யுங்கள். ஹூட்டிலிருந்தும் ஹேண்டிலின் கீழ் வளைவிலிருந்தும் பிரேக்கை இரண்டு விரலால் முழுக்க இழுக்க முடிந்தால் மட்டுமே அந்த சைஸ். லீவர் தூரமாக இருந்தால், பலவற்றில் அதைக் கிட்டே கொண்டுவரச் சின்ன ஸ்க்ரூ உண்டு, கடையில் அதைத் திருகிச் சரிசெய்யச் சொல்லுங்கள். இன்று பொருந்துவதை வாங்கி, வளர வளர சீட் போஸ்ட்டை உயர்த்துங்கள், பிறகு நீள ஸ்டெம் போடுங்கள். போஸ்ட்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரிகிற நாளில் அடுத்த சைஸ் பார்க்கலாம்.