சங்கிலியையும் அடகு வைத்துவிடவா?

கேள்வி: ஓசூரில் ஒரே கம்பெனியில் எட்டு ஆண்டுகள் சி.என்.சி. ஆபரேட்டராக இருந்த என் கணவருக்குப் பத்து மாதமாக வேலை இல்லை. நகையை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு அடகுக்கடையில் வைத்து 80,000 ரூபாய் வாங்கினோம். அதுவும் கரைந்துவிட்டது. பி.எஃப். பணத்தைத் தொடக் கூடாது என்கிறார் அவர். மாமியாருக்கும் சொந்தங்களுக்கும் விஷயம் தெரியாது. இரவு ஷிப்ட் என்று சொல்லி வைத்திருக்கிறோம். வைகாசிக் கல்யாணங்களுக்கு வழக்கம்போல மொய் வைத்தோம். மாங்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குக் கூப்பிட்டார்கள். யாராவது பார்த்துவிடுவார்களே என்று அவர் போகவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்த மகளுக்குத் தனியார் பள்ளியில் கட்டணம் கட்ட வேண்டும். மீதியிருக்கும் சங்கிலியையும் வைத்துவிடவா?
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: வைக்காதீர்கள், சகோதரி. முதலில் அந்த அடகுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதம் 1,600 ரூபாய், வருடத்துக்கு 19,200 ரூபாய் வட்டிக்கே போகிறது. பி.எஃப். பணத்துக்கு 2024-25ல் கிடைத்த வட்டி 8.25 சதவீதம். எட்டேகால் வட்டி தரும் பணத்தைப் பூட்டி வைத்துவிட்டு, வெளியே இருபத்து நான்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பி.எஃப். பணத்தைக் காக்க வேண்டும் என்று உங்கள் கணவர் நினைப்பது குடும்பத்தின் மேல் உள்ள அக்கறையால்தான். ஆனால் அந்த அக்கறையால் இப்போது அடகுக்கடைக்குத்தான் லாபம்.

வேலை இழந்தவர் பி.எஃப். கணக்கிலிருந்து முக்கால் பங்கு வரை எடுக்கலாம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்ததால் வரியும் கிடையாது. நகையை மீட்கத் தேவையானதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஓய்வூதியப் பங்கில் கை வைக்க வேண்டாம். பத்து ஆண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம் உண்டு. அவருக்குக் குறைவது இரண்டே ஆண்டு. அடுத்த கம்பெனியில் அதே யு.ஏ.என். எண்ணை, அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணை, கொடுத்தால் பழைய சேவையும் சேர்ந்துகொள்ளும்.

பணிக்கொடையை (கிராஜுவிட்டி) பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஐந்து ஆண்டு முடித்த தொழிலாளிக்கு, ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தாலும், அது சேர வேண்டிய பணம். ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கிடுவார்கள். கடைசியாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் இருந்தது என்று வையுங்கள். எட்டு ஆண்டுக்கு 60,000 ரூபாய். வரவில்லை என்றால் கம்பெனிக்கு எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம்.

பள்ளி விஷயத்தில் நான் அழுத்தியே சொல்வேன்: மகளை ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேருங்கள். கட்டணம் மிச்சமாவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2022ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் உயர்கல்வி படிக்கும் பெண்களுக்குக் கொடுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் அந்த ஏழு வகுப்புகளைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து மாற்றினால் இவை கைவிட்டுப் போகும்.

இத்தனையும் செய்தாலும், வேலை போனதை மறைத்துக்கொண்டே இருந்தால் பணம் நிற்காது. ஊருக்காக மொய், ஊருக்குப் பயந்து விட்ட சீசன் கூலி, இரண்டும் உங்கள் வீட்டுப் பணம். மாமியாரிடம் அவரே உட்கார்ந்து சொல்லட்டும். மகனுக்கு வேலை போனதைப் பத்து மாதம் கழித்து மூன்றாம் மனிதர் வாயால் கேட்பதுதான் அந்த அம்மாவுக்குப் பெரிய வலி. சொந்தங்களின் கல்யாணத்துக்குப் போங்கள், நூற்றியொன்று வையுங்கள். மொய் நோட்டில் மீதியை நல்ல காலத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

மாங்கூழ் ஆலைகளில் ஆள் தேவைப்படுவது சீசன் முடியும்வரைதான். இயந்திரம் தெரிந்தவர் என்பதால் கூழ் பிழியும் பிரிவோடு நிற்காமல், பராமரிப்புப் பிரிவில் இடம் இருக்கிறதா என்று நாளைக் காலையிலேயே போய்க் கேட்கச் சொல்லுங்கள்.