காண்டனீஸ் சாப்பாடு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் இருக்கிறது ஹாங்காங்ல, தென் சீனாவுல இருக்கிற குவாங்ஜோவுக்கும் அடிக்கடி போயிட்டு வர்ற ஆளு. அதோட பழைய பேர்தான் காண்டன், காண்டனீஸ்னா இந்தப் பக்கத்து சமையல். அங்க நடக்கிற பெரிய வியாபாரக் கண்காட்சி, காண்டன் ஃபேர், நெருங்கினாலே "அக்கா அங்க என்ன சாப்பிடுறது, நமக்கு ஒத்துக்குமா"ன்னு ஆளாளுக்கு தனித்தனியா கேக்குறீங்க, அதான் எல்லாரும் இங்கயே கேளுங்கன்னு சொன்னேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், கோபி மஞ்சூரியனெல்லாம் நம்ம நாட்டுல பொறந்த அயிட்டம், இங்க யாருக்கும் தெரியாது. அந்த நாக்கோட வந்தா ஏமாந்துருவீங்க.

சந்தோஷ் (கோவை): அக்கா, ஃபேமிலியோட முதல் தடவை ஹாங்காங் வர்றோம். திம் சம் சாப்பிடணும்னு ஆசை. உள்ள போய் உக்காந்ததும் என்ன பண்ணணும், எப்படி ஆர்டர் பண்ணணும்?

வாங்க தம்பி. திம் சம்னா டீயோட சின்னச் சின்ன தட்டுல, கூடையில வர்ற பலகாரங்க. மொதல்ல நேரம் பாத்துக்கோங்க, இது காலையில ஆரம்பிச்சு மத்தியானம் 2, 3 மணிக்குள்ள முடியிற விஷயம். நைட்டு போய் திம் சம் கேக்குறது டூரிஸ்ட் ஏரியாவுல வேணா நடக்கும். ஞாயித்துக்கிழமை 11 மணிக்கு போனீங்கன்னா தாத்தா பாட்டி பேரன் பேத்தின்னு மொத்த குடும்பமும் உக்காந்து பேசிட்டிருக்கும், நீங்க டோக்கன வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கணும், அதனால வார நாள்ல காலையிலயே போயிடுங்க.

உக்காந்த உடனே மெனு வராது, என்ன டீன்னு கேப்பாங்க. பொலேய்னு சொல்லுங்க, கருப்பா கொஞ்சம் மண் வாசனையா இருக்கும், கொழுப்பு அயிட்டம் சாப்பிடும்போது அதுதான் செட் ஆகும். பிடிக்கலன்னா மல்லிகைப்பூ டீ. பாலும் சக்கரையும் கேட்டுடாதீங்க. டீக்கு தலைக்கு இவ்வளவுன்னு பில்லுல ஏறும், குடிச்சாலும் குடிக்காட்டியும், அதுக்காக சண்டை போடாதீங்க. பழைய கடைகள்ல ஒரு பெரிய கிண்ணமும் வெப்பாங்க, முதல் டீய ஊத்தி கப்பு, சாப்ஸ்டிக், ஸ்பூன் எல்லாத்தையும் அலம்பி அந்த கிண்ணத்துல கொட்டிடணும். அத எடுத்து குடிச்ச நம்மாளுங்கள நானே பாத்திருக்கேன்!

தள்ளுவண்டியில கொண்டு வர்றது இப்போ குறைஞ்சு போச்சு, பெரும்பாலும் ஒரு பேப்பர் சீட்டு குடுப்பாங்க, வேணுங்கிறதுக்கு டிக் போட்டா போதும், இல்லன்னா க்யூ ஆர். எல்லாத்தையும் ஒண்ணா டிக் போட்டுட்டு டேபிள்ல ஆற விடாதீங்க, மூணு நாலு சொல்லி சாப்பிட்டுட்டு அப்புறம் இன்னொரு ரவுண்டு.

முதல் ரவுண்டுல ஹா காவ் கண்டிப்பா இருக்கணும், கடை எப்படின்னு அதுலயே தெரிஞ்சுடும். கோதுமை ஸ்டார்ச்சுல சுடுதண்ணி ஊத்தி பிசைஞ்ச மாவு, அத கண்ணாடி மாதிரி மெல்லிசா தேய்ச்சு உள்ள இறால் வெச்சு ஒரு ஓரமா மட்டும் மடிப்பு மடிப்பா மூடியிருப்பாங்க. நல்ல கடையில தோல் வழியா இறாலோட சிவப்பு தெரியும், சாப்ஸ்டிக்ல தூக்கும்போது அடியில ஒட்டி கிழியாது, கடிச்சா இறால் நறுக்குன்னு இருக்கும். கிழிஞ்சு மாவு மாவா இருந்துச்சுன்னா டீய குடிச்சுட்டு கிளம்பிடுங்க, அந்த கடையில மத்ததும் அப்படித்தான் இருக்கும். அப்புறம் சியூ மாய் (மேல திறந்த மாதிரி இருக்கிற பன்னிக்கறி, இறால் கொழுக்கட்டை), சார் சியூ பாவ் (சுட்ட பன்னிக்கறி வெச்ச பன்னு), சியூங் ஃபன் (மெல்லிசான அரிசி மாவு ரோல்), முள்ளங்கில செஞ்சு தோசைக்கல்லுல போட்டு முறுகலா எடுக்கிற லோ பாக் கோ. கோழிக்கால் வேணாம்னு முகம் சுளிக்காம ஒண்ணு வாங்கிப் பாருங்க. பொரிச்சு, ஊற வெச்சு, சாஸ்ல வேக வெச்சு, திரும்ப ஆவி கட்டுவாங்க, வாயில வெச்சா எலும்பு தனியா கழண்டு வந்துடும்.

வித்யா: டீ ஊத்தும்போது எல்லாரும் விரலால டேபிள தட்டுறாங்களே, எதுக்கு?

தேங்க்ஸ் சொல்றது மா. ரெண்டு விரல மடக்கி லேசா தட்டுங்க, பேச்சை நிறுத்தாமலே நன்றி சொல்லியாச்சு. சியன்லொங் பேரரசர் மாறுவேஷத்துல போனப்ப தன் ஆளுக்கு அவரே டீ ஊத்தினாராம், அவன் மண்டி போட்டா குட்டு உடைஞ்சுடும்னு விரல மண்டி போட வெச்சானாம். கதைதான், ஆனா எல்லாரும் இததான் சொல்வாங்க. டீ கெட்டில்ல தண்ணி தீர்ந்துட்டா கூப்பிடவே வேணாம், மூடிய சாய்ச்சு திறந்து வெச்சீங்கன்னா அவங்களே வந்து ஊத்துவாங்க. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஊத்திட்டு கடைசியா உங்களுக்கு, அது மட்டும் மறக்காதீங்க.

ஹரிணி: நாங்க சுத்த சைவம், முட்டை கூட இல்ல. பட்டினிதானா?

பட்டினி இல்ல, ஆனா சாதாரண கடையில ரொம்ப கஷ்டம்னு நேராவே சொல்லிடுறேன். கீரை மட்டும் குடுங்கன்னு கேப்பீங்க, சோய் சம் அழகா பச்சையா வரும், மேல சிப்பி சாஸ் ஊத்தியிருக்கும். முள்ளங்கி கேக்குல காய்ஞ்ச இறாலும் சாஸேஜும் இருக்கும். பன்னு, டார்ட்ல பன்னிக் கொழுப்பு சேர்ப்பாங்க. காய்கறி சூப்னு சொல்றதுல எலும்பு வெந்திருக்கும், அவங்க கணக்குல அதுல கறித்துண்டு இல்லன்னா அது காய்கறி சூப்தான்.

அதனால "வெஜிடேரியன்"னு இங்கிலீஷ்ல சொல்லி பிரயோஜனம் இல்ல, "ங்கோ ஸிக் ஜாய்"னு சொல்லுங்க. ஜாய்னா புத்த மத முறைப்படி சைவம், அது எல்லாருக்கும் புரியும், ஏன்னா இங்க நிறைய பேர் அவங்க மாசத்துல முதல் நாளும் 15ஆம் நாளும், அதாவது அமாவாசை பௌர்ணமிய ஒட்டி, அசைவம் தொட மாட்டாங்க. அந்த சாப்பாட்டுல வெங்காயம் பூண்டு கூட வராது. ஹாங்காங்ல டைமண்ட் ஹில் ஸ்டேஷன் பக்கத்துல நான் லியன் தோட்டத்துக்குள்ள சி லின் சைவ ரெஸ்டாரன்ட் இருக்கு, அருவிக்குப் பின்னாடி உக்காந்து சாப்பிடலாம், அங்க வர்ற காளான் அயிட்டமெல்லாம் அசைவக்காரி நானே தேடிப் போய் சாப்பிடுவேன். லந்தாவ் தீவுல பெரிய புத்தர் சிலைய பாக்கப் போனீங்கன்னா பக்கத்துலயே போ லின் மடத்துல சாப்பாடு உண்டு. குவாங்ஜோவுல பெய்ஜிங் ரோடு பக்கம் தாஃபோ கோயில்ல பாருங்க. மெனுல வாத்து, கோழின்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, கோதுமை குளூட்டனும் சோயா பால் ஆடையும்தான் அப்படி உருவம் எடுத்து வரும். முட்டை பத்தி மட்டும் தனியா ஒரு தடவை கேட்டுக்கோங்க.

அப்துல் (காயல்பட்டினம்): அக்கா, ஹலால் திம் சம் கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி. வான் சாய்ல, ஓய் க்வான் ரோட்டுல அம்மார் மசூதி இருக்கிற இஸ்லாமிக் சென்டர், 5ஆவது மாடில கேன்டீன். ஹா காவ், சியூ மாய் எல்லாம் பன்னி இல்லாம செய்வாங்க. கூட்டமா இருக்கும், சீக்கிரம் போங்க. மத்த கடையில "பன்னி இல்லாம குடுங்க"ன்னு கேட்டு சாப்பிடுறது ரிஸ்க்கு, கொழுப்பு எதுல இருக்கும்னு பாதி நேரம் பரிமாறுறவங்களுக்கே தெரியாது.

மணி (திருப்பூர்): போன தடவை குவாங்ஜோவுல சப்ளையர் கூட்டிட்டுப் போனார். மீன வெறும் தண்ணில அவிச்ச மாதிரி கொண்டாந்து வெச்சாங்க, உப்பு காரம் ஒண்ணும் இல்ல. இதுல என்ன பெருமை?

ஹாஹா, அண்ணே, அவர் உங்களுக்கு மேஜையிலயே விலை கூடின அயிட்டத்த வாங்கிக் குடுத்திருக்கார்! மசாலா போட்டா மீன் பழசுன்னு அர்த்தம், இதுதான் இவங்க கணக்கு. அந்த மீன் பத்து நிமிஷம் முன்னாடி தொட்டியில நீந்திட்டு இருந்திருக்கும், பல கடையில பையில போட்டு துள்ளத் துள்ள டேபிளுக்கே கொண்டாந்து காட்டிட்டுதான் எடுத்துட்டுப் போவாங்க. இஞ்சி வெச்சு முழு மீன ஆவில வேக வெச்சு, தட்டுல இறங்கின தண்ணிய கொட்டிட்டு, வெங்காயத்தாள நூல் மாதிரி நறுக்கி மேல குவிச்சு, புகைய புகைய காய்ச்சின எண்ணெய சர்ர்னு ஊத்துவாங்க, அப்புறம் சுத்தி சோயா சாஸ். ஒரு நிமிஷம் அதிகமா வெந்தா கெட்டுது. முள்ளுகிட்ட சதை இப்பதான் விடுதுன்னு இருக்கணும். அடுத்த தடவை அந்த சாஸ சோத்துல ஊத்தி பிசைஞ்சு மீனோட கன்னத்துச் சதைய எடுத்து சாப்பிட்டுட்டு வந்து சொல்லுங்க. ஒரு பக்கம் முடிஞ்சதும் மீன திருப்பிப் போடாதீங்க, படகு கவுறும்னு மீனவர்கள்கிட்ட இருந்து வந்த சம்பிரதாயம், முள்ள தூக்கிட்டு அடிப்பக்கத்த எடுக்கணும்.

காரமே இல்லாம முடியாதுன்னா சில்லி சாஸ் கேளுங்க, குடுப்பாங்க. ஊறுகாய் பாட்டில டேபிள்ல எடுத்து வைக்கிறது மட்டும் வேணாம், சமைச்சவன் மனசு கஷ்டப்படும்.

தீபன்: அதே மீனுக்கு பில்ல பாத்து மயக்கமே வந்துடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தினாங்கன்னு இல்ல, கேக்காம விட்டுட்டீங்க. மெனுல விலை போடாம "அன்னன்னைக்கு விலை"ன்னு எழுதியிருந்தா வெயிட்டு என்ன, மொத்தம் எவ்வளவுன்னு கால்குலேட்டர்ல அடிச்சுக் காட்டச் சொல்லுங்க, அதுக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அளவும் ஊருக்கு ஊர் மாறும். இங்க எடைய காட்டிங்கிற அளவுல சொல்வாங்க, ஹாங்காங் காட்டி சுமார் 605 கிராம், குவாங்ஜோவுல அதே காட்டின்னா 500 கிராம். கலவா மீன் வகையெல்லாம் விலை எகிறும், புல் கெண்டை வாங்கினா கால்வாசி கூட ஆகாது. அப்புறம், உக்காந்ததும் வேர்க்கடலையோ ஊறுகாயோ ஒரு சின்ன தட்டுல வைப்பாங்க, அதுவும் பில்லுல வரும், வேணாம்னா உடனே எடுத்துக்கச் சொல்லலாம்.

கண்ணன்: கோழி எலும்புகிட்ட ரத்தச் சிவப்பா இருந்துச்சே, வேகலையா?

பாக் சிட் காய் சாப்பிட்டிருக்கீங்க. கொதிக்காத சூடான தண்ணில முழுக் கோழிய மெதுவா வேக வெச்சு, உடனே ஐஸ் தண்ணில போடுவாங்க, அப்பதான் தோல் வழுவழுன்னு இறுகும். சதை வெந்திருக்கும், எலும்புக்குள்ள மட்டும் சிவப்பு நிக்கும், அதுதான் பதம்னு இவங்க ரசிச்சு சாப்பிடுவாங்க. சதையே பச்சையா இருந்தா வேணாம்னு வெச்சுடுங்க. தொட்டுக்க வர்ற இஞ்சி வெங்காயத்தாள் எண்ணெய் இருக்கே, எனக்கு அது மட்டும் இருந்தா ஒரு கிண்ணம் சோறு இறங்கிடும்.

ப்ரியா: தனியா வர்றேன், பட்ஜெட்டும் கம்மி. பெரிய ரெஸ்டாரன்ட் செட் ஆகுமா?

ஆகாது மா, வட்ட மேஜை சாப்பாடு நாலு பேராவது இருந்தாதான் ருசிக்கும். நீங்க சியூ மெய், அதாவது சுட்ட கறி விக்கிற கடைக்கு போங்க, கண்ணாடிக்குப் பின்னாடி வாத்தும் பன்னிக்கறியும் கொக்கில தொங்கும், ஒருத்தர் கட்டையில டக் டக்னு வெட்டிட்டிருப்பார். சோத்துமேல சார் சியூ கேக்கும்போது "பூன் ஃபேய் சாவ்"னு சேர்த்து சொல்லுங்க, பாதி கொழுப்பு பாதி சதையா ஓரம் கருகின துண்டா பாத்து வெட்டுவாங்க. இன்னொரு நாள் வொன்டன் நூடுல்ஸ், வொன்டன்னா மெல்லிசான மாவுல இறாலோ கறியோ வெச்சு மூடின சின்ன கொழுக்கட்டை, கிண்ணம் சின்னதாத்தான் இருக்கும், வொன்டன அடியில வெச்சு நூடுல்ஸ மேல வெப்பாங்க, சூப்புல ஊறி குழையக் கூடாதுன்னு. படம் எடுத்துட்டு உக்காந்திருக்காம வேகமா சாப்பிடுங்க.

மாட்டுக்கறி சாப்பிடுவீங்கன்னா கோன் சாவ் ங்காவ் ஹோ. அகலமான அரிசி நூடுல்ஸ பெரிய தீயில பிரட்டி எடுக்கிறது, அந்த புகை வாசனைய வொக் ஹேய்னு சொல்வாங்க, நல்ல மாஸ்டர் செஞ்சா நூடுல்ஸ் உடையாது, தட்டு காலியானப்புறம் அடியில எண்ணெய் தேங்கி நிக்காது. குளிர்காலத்துல வந்தா மண்சட்டி சோறு, போ ஜாய் ஃபான், அடியில பிடிச்ச காந்தல சுரண்டி சாப்பிடத்தான் பாதி பேர் வர்றதே. சின்ன கடையில உங்க டேபிள்ல தெரியாதவங்கள கொண்டாந்து உக்கார வெப்பாங்க, அது இங்க சகஜம், சிரிச்சுட்டு நீங்க பாட்டுக்கு சாப்பிடுங்க.

செல்வி: பொரிச்சது ரெண்டு நாள் சாப்பிட்டேன், ஹோட்டல்ல ஒரு அம்மா "யீட் ஹேய்"னு சொல்லி ஏதோ கசாயம் வாங்கிக் குடுத்தாங்க. அது என்னது?

உடம்பு சூடு ஏறிடுச்சுன்னு சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான். நம்ம வீட்டுல மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சின்னு சொல்ற அதே கணக்கு இங்க ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் உண்டு. லிச்சியும் பொரிச்சதும் சூடு, வெள்ளரியும் சாமந்திப்பூ டீயும் குளிர்ச்சி. குடிச்சது லியுங் சா, தெருவுக்கு ஒரு கடை இருக்கும், கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு, மூக்க பிடிச்சுட்டு முழுங்கிடணும். 2006லயே சீனாவோட தேசிய பாரம்பரிய பட்டியல்ல ஏத்திட்டாங்க. கர்ப்பமா இருந்தா, இல்ல வேற மாத்திரை எடுத்துட்டிருந்தா குடிக்காதீங்க.

ராம்குமார்: பாம்பு, நாய் எல்லாம் சாப்பிடுவாங்களாமே? தெரியாம குடுத்துடுவாங்களா?

இந்த கேள்வி வராம இருந்தாதான் ஆச்சரியம். ஹாங்காங்ல நாய், பூனைக்கறிக்கு 1950லேயே சட்டம் போட்டு தடை, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஷென்ஜென்ல 2020 மே மாசத்துல இருந்து தடை. பாம்பு சூப் உண்டு, குளிர்காலத்துல, அதுக்குன்னே தனிக்கடை, சாமந்தி இதழும் எலுமிச்சை இலையும் தூவி வரும், கோழிய விட விலை ஜாஸ்தி. விலை கூடின ஒண்ண உங்களுக்கு எதுக்கு தெரியாம குடுக்கப் போறாங்க?

ஜெயா: ஹாங்காங்கா குவாங்ஜோவா, சாப்பாட்டுக்கு எது பெஸ்ட் அக்கா?

ரெண்டுமே இல்ல, ஷுன்டேன்னு சொல்வேன். குவாங்ஜோ பக்கத்துல, ஃபோஷான்ல இருக்கு, மெட்ரோவுலயே போயிடலாம். காண்டனீஸ் சமையல்காரங்க ஊர்னு பேர் எடுத்த இடம், யுனெஸ்கோ 2014ல சாப்பாட்டுக்கான நகரம்னு சேர்த்திருக்கு. அங்க எருமைப்பால்ல செய்யிற இரட்டை ஆடைப் பால் சாப்பிடுங்க, மேல ஆடை, அடியில புட்டிங் மாதிரி. இதுல முட்டை வெள்ளைக்கரு உண்டு, சைவக்காரங்க கவனிச்சுக்கோங்க. பக்கத்துல ஷாவான் பக்கம் போனா இஞ்சிப்பால், அதுல முட்டை இல்ல, கிண்ணத்துல இஞ்சிச்சாறு வெச்சு மேல இருந்து சூடான பால ஊத்துவாங்க, கிளறாம அப்படியே விட்டா சில நிமிஷத்துல தயிர் மாதிரி உறைஞ்சுடும், மேல ஸ்பூன் வெச்சா உள்ள போகாது. ரொம்ப கொதிக்கிற பால் ஊத்தினாலும் உறையாது, ஆறிப் போனாலும் உறையாது. ஹரிணி, இது உங்களுக்குத்தான்.

கோபால்: டிப்ஸ் எவ்வளவு குடுக்கணும்? கேஷ் வாங்குவாங்களா?

ஹாங்காங் ரெஸ்டாரன்ட்ல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் பில்லுலயே இருக்கும், சில்லறைய விட்டுட்டு வந்தா போதும். குவாங்ஜோவுல டிப்ஸ் பழக்கமே இல்ல, வெச்சுட்டு வந்தீங்கன்னா பின்னாடியே ஓடி வந்து திருப்பிக் குடுப்பாங்க. அங்க எல்லாமே ஃபோன்ல ஸ்கேன்தான், அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே அலிபே போட்டு இன்டர்நேஷனல் விசாவோ மாஸ்டர்கார்டோ சேர்த்து வெச்சுக்கோங்க. ஹாங்காங்ல சின்ன நூடுல்ஸ் கடை நிறைய இன்னும் கேஷ்தான், பெரிய நோட்டு நீட்டினா முறைப்பாங்க. பில்லு வேணும்னா கைய தூக்கி "ம்கோய், மாய்தான்"னு கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க, அந்த இரைச்சல்ல மெதுவா சொன்னா யாருக்கும் கேக்காது.